நாயின் பெயர் என்ன?

அக்கா மகன் புனேயில் இன்ஜினீயரிங் படிக்கிறான். விடுமுறைக்கு தில்லி வந்தால் என் வீட்டில் இரண்டு நாள் தங்குவான். அவன் வந்துவிட்டால் சர்ச்சைக்குப் பஞ்சமில்லை. இம்முறை வந்தது அரசியல் அல்ல, கிரிக்கெட் அல்ல. 1991ல் வெளியான ஓர் ஆங்கிலப் படத்தின் வில்லன்.

"மாமா, உங்க காலத்துல தலையில தூக்கி வெச்சு ஆடினீங்களே, அந்த டி-1000, அது அடிமுட்டாள் மிஷின்" என்றான் இட்லியைப் பிய்த்தபடி.

'உங்க காலம்' சற்று உறுத்தியது. படம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். பார்த்தது அதற்கும் பிற்பாடு, கேபிள் டிவி புண்ணியத்தில். ஆனாலும் சவாலை விட மனமில்லை. சாம்பார் ஆறிப்போகும்வரை பேசினோம். மாலை நடைப்பயிற்சியிலும் பேசினோம். பேச்சு முடிந்த இடம் இருவருமே எதிர்பாராதது. அதை அப்புறம் சொல்கிறேன்.

படத்தை மறந்துபோனவர்களுக்காக: ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2'. எதிர்காலத்தில் இயந்திரங்களை எதிர்த்து மனிதர்களுக்குத் தலைமை தாங்கப்போகும் ஜான் கானரை, பத்து வயதுப் பையனாக இருக்கும்போதே தீர்த்துக்கட்ட ஒரு ரோபோ வருகிறது. அவனைக் காப்பாற்ற இன்னொன்று வருகிறது. காப்பாற்ற வருபவர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். மலை போன்ற உடம்பு, தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. கொல்ல வருவது ராபர்ட் பேட்ரிக். ஒல்லி, ஒட்ட வெட்டிய முடி, போலீஸ் உடுப்பு. இந்த ஒல்லிதான் டி-1000. உடம்பு முழுக்கத் திரவ உலோகம். தொட்ட ஆளாக மாறும், தொட்ட பொருளாக மாறும், துப்பாக்கியால் சுட்டால் துளை விழுந்து தானே மூடிக்கொள்ளும்.

மருமகனின் குற்றப்பத்திரிகை இதுதான். தரையாக மாறத் தெரிந்த ஒரு ஜந்து எதற்காக லாரி ஓட்டித் துரத்துகிறது? மனநோய் மருத்துவமனையில் ஒரு காட்சி வருகிறது. காவலாளி காபி வாங்கக் கட்டம் போட்ட தரைமேல் நடந்து போகிறான். அவன் மிதித்துச் சென்ற தரை அவனுக்குப் பின்னால் மெல்ல எழுந்து அவனாகவே நிற்கிறது. படத்தின் மிகச் சிறந்த பதுங்கல் அது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை. "கையில பிரம்மாஸ்திரம் இருக்கு, கல்லெடுத்து அடிச்சுக்கிட்டிருக்கு" என்றான்.

கேள்வி நியாயமானதுதான். முதல் பதில் போர்க்கலையில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வரைந்த உருமாற்றம் தங்கத்தைவிட விலை. கேமரூனே 1989ல் 'தி அபிஸ்' படத்தில் கடல்நீர் பாம்புபோல் எழுந்து ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டும் காட்சியை வைத்து ஒத்திகை பார்த்திருந்தார். அதே இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம்தான், டென்னிஸ் ம்யூரன் தலைமையில், இதையும் செய்தது. இவ்வளவு பேர் வாங்கிய படத்தில் கம்ப்யூட்டர் உருவாக்கிய டி-1000 திரையில் தெரிவது மொத்தத்தில் சில நிமிடங்கள்தான். மீதியெல்லாம் கைவேலை. சுட்டதும் மார்பில் வெள்ளிப்பூப் போல விரியும் காயங்கள் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்து சட்டைக்கடியில் பொருத்தியவை. தரையிலிருந்து எழுந்த காவலாளியும் அசல் காவலாளியும் ஒரே சட்டகத்தில் நிற்பது எப்படி? நடித்தவர்கள் இரட்டையர்கள், டான் ஸ்டான்டனும் டேன் ஸ்டான்டனும். கடைசியில் இரண்டு சாரா கானர் வருகிற இடத்தில் கதாநாயகி லிண்டா ஹாமில்டனுக்குத் துணைக்கு வந்தது அவருடைய இரட்டைச் சகோதரி லெஸ்லி. கேமரூன் இந்த விஷயத்தில் பழைய நாடகக் கம்பெனி முதலாளி மாதிரிதான்.

ஆக, டி-1000 சிக்கனமாக உருமாறியதற்குக் காரணம் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகம். ஆனால் இந்தச் சிக்கனம் படத்துக்கு நல்லதாகப் போயிற்று. எதுவாகவும் மாறக்கூடிய ஒன்று, பெரும்பாலான நேரம் ஒரே முகத்தோடு, ஒரே உடுப்போடு இருக்கிறது. ஏன் அந்த உடுப்பு? என் கட்சி இங்கேதான் தொடங்குகிறது.

டி-1000 முதலில் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். வந்து இறங்கியதும் ஒரு போலீஸ்காரரைத் தாக்குகிறது. அந்த ஒரே அடியில் அதற்குக் கிடைப்பவை: சீருடை, ரோந்துக் கார், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில்தான் சிறுவனின் பழைய வழக்குகளும் வளர்ப்புப் பெற்றோரின் முகவரியும் இருக்கின்றன. ஆர்னால்ட் அதே நேரத்தில் என்ன செய்கிறார்? மதுக்கடைக்குள் அம்மணமாக நுழைந்து, நாலு பேரின் எலும்பை முறித்து, ஒரு ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளும் சம்பாதிக்கிறார். யார் முட்டாள்?

அடுத்து, முகவரியில் இருக்கும் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறது. மரியாதையாகப் பேசுகிறது. பையனின் போட்டோ கேட்கிறது. நல்ல களையான பையன் என்று பாராட்டி, இந்தப் படத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதியும் கேட்கிறது. அவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. வழியில் இரண்டு சிறுமிகளிடம் போட்டோவைக் காட்டுகிறது. அவர்களும் பையன் போன இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நகரத்தில் அதற்குப் பொய் சொன்னது ஜானின் சேக்காளி ஒருவன் மட்டும்தான். போலீஸிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது அந்தப் பையனுக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம்.

"அப்ப தரையா மாறினதைவிட போலீஸா மாறினதுதான் பெரிய உருமாற்றம்ங்கறீங்க" என்றான் மருமகன். ஆமாம் என்றேன். தரையாகக் கிடந்தால் யாராவது மிதிக்க வரும்வரை காத்திருக்க வேண்டும். சீருடைக்குள் இருந்தால் ஊரே உளவாளி.

இந்தப் படம் எடுக்கப்பட்ட ஊரையும் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ், 1991. அந்த ஆண்டு மார்ச் 3ம் தேதி நள்ளிரவு தாண்டி, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீஸ்காரர்கள் சாலையில் போட்டு அடித்ததைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. நான்கு மாதம் கழித்து ஜூலை 3ல் இந்தப் படம் வெளிவந்தது. ஆர்னால்ட் ஜாக்கெட் பறிக்கும் மதுக்கடைக் காட்சி எடுக்கப்பட்ட லேக்வியூ டெரஸ் பகுதியில்தான் கிங் அடிபட்டார். கதையும் வசனமும் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. திட்டமிட்ட குறிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டு தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு, அமைதியான முகத்தோடு வீடு வீடாக விசாரிக்கும் அந்தச் சீருடையைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 29ல் தீர்ப்பு வந்து, அடித்தவர்களில் எவருக்கும் தண்டனை இல்லை என்றானதும் நகரம் எரிந்தது.

நிற்க. மருமகனின் இரண்டாவது வாதம் கைச்சண்டை பற்றியது. அதில் அவன் பக்கம் பலம் இல்லை. டி-1000 அடியைத் தடுப்பதே இல்லை. தடுக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. உருக்காலைச் சண்டையில் ஆர்னால்ட் அதைச் சுவரோடு சேர்த்து முகம் பதிய மோதுகிறார். நீங்களும் நானும் என்றால் திரும்ப வேண்டும். அது திரும்புவதில்லை, முதுகையே முகமாக்கிக் கொள்கிறது. தலையில் குத்தினால் தலை இருந்த இடம் கையாகி, குத்திய முஷ்டியைப் பிடித்துக்கொள்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டும்போது கூடுதலாகக் கை முளைக்கிறது. சில கைகள் விமானத்துக்கு, சில கைகள் துப்பாக்கிக்கு. ஆனால் துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ அதனால் மாற முடியாது. அவற்றில் ரசாயனமும் நகரும் பாகங்களும் இருக்கின்றன என்று ஆர்னால்ட் சிறுவனுக்குப் பாடம் சொல்கிறார். கத்தி, ஈட்டி, கொக்கி, கடப்பாரை, இவ்வளவுதான் சாத்தியம். தூரத்தில் இருப்பவனைக் கொல்ல அதுவும் நம்மைப் போலவே கடையில் விற்கும் ஆயுதத்தைத்தான் நம்ப வேண்டும். லாரி ஓட்டியதற்கும் இதே பதில்தான். காலில் சக்கரம் முளைத்தாலும் இன்ஜின் முளைக்காதே.

அதைவிட முக்கியம், ஆர்னால்டை அது வீழ்த்திய விதம். சொந்தக் கத்தியால் அல்ல. அவர் கையை ஒரு ராட்சதப் பல்சக்கரத்துக்குள் மாட்டிவிட்டுப் போய்விடுகிறது. அவர் கையைப் பிய்த்துக்கொண்டு வந்த பிறகு, தொங்கும் இரும்பு உத்தரத்தை உருட்டி மோதி, கடைசியில் ஒரு கம்பியை முதுகில் இறக்குகிறது. உலோகத்தை உலோகத்தால் அடிக்கும் கணக்கு. இடத்தைப் படித்துச் சண்டை போடுகிறது. இதைச் செய்யும்போது அதன் முகத்தில் கோபம் இல்லை. ஓடும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்காமல், சுடும்போது கண் இமைக்காமல் இருக்க ராபர்ட் பேட்ரிக் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இமைக்காத கண்தான் எனக்கு இன்றும் பயம் தருவது. நம் ஊர்க் கதையில் தமயந்தி சுயம்வரத்தில் நளன் உருவில் உட்கார்ந்திருந்த தேவர்களைக் கண்டுபிடித்ததும் இதை வைத்துத்தானே? கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை. எம்.ஏ. படித்தபோது புகழேந்தியின் நளவெண்பாவை எத்தனையோ முறை புரட்டியிருந்தும், அது ஒரு துப்பறியும் முறை என்பது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கால் என்றதும் மருமகனின் மூன்றாவது வாதத்துக்கு வர வேண்டும். அது நிஜமாகவே கடினமானது. இரண்டு பேருக்கும் அன்று தூக்கம் கெட்டது அதனால்தான்.

படத்தின் கடைசிக் கட்டம். உருக்காலையில் டி-1000 சாராவைப் பிடித்துவிடுகிறது. தோளில் விரல் ஈட்டியை இறக்கி, ஜானைக் கூப்பிடு என்கிறது. அவள் மறுக்கிறாள். எதற்காக இந்தச் சித்திரவதை? அதற்கு யார் குரலும் வரும். அவளைத் தொட்டாகிவிட்டது. கொன்றுவிட்டு அவள் உருவில் 'ஜான்' என்று ஒரு குரல் கொடுத்தால் பையன் ஓடி வந்திருப்பான். முன்பே ஆர்னால்ட் ஜானிடம் சொல்கிறார்: அதற்கு இப்போது மிக அதிக வெற்றி வாய்ப்பு, உன் தாயாக மாறி உனக்காகக் காத்திருப்பதில்தான்; நகல் எடுக்கப்பட்ட ஆள் பொதுவாக உயிரோடு விடப்படுவதில்லை. புத்தகத்தில் இருக்கும் பாடத்தை அது ஏன் கைவிட்டது? "டைரக்டருக்கு கிளைமாக்ஸ் வேணும், அவ்வளவுதான்" என்றான் மருமகன்.

அவ்வளவுதானா? இந்தப் படத்துக்கு இரண்டு பாடபேதம் உண்டு. தியேட்டரில் வந்தது ஒன்று. 1993ல் லேசர் டிஸ்க்கில் வெளியிடப்பட்ட நீண்ட வடிவம் இன்னொன்று. நீண்ட வடிவத்தில், திரவ நைட்ரஜனில் உறைந்து நொறுங்கி, உலைச் சூட்டில் மீண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு டி-1000க்கு உடம்பு சரியில்லை. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் கை அதிலேயே ஒட்டிக்கொண்டு அதன் மஞ்சள் கறுப்புப் பட்டைகளை வாங்கிக்கொள்கிறது. நடந்தால் பாதம் தரையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் போலி சாரா கையை நீட்டி அழைக்கும்போது, ஜான் அவளுடைய காலைப் பார்க்கிறான். கால் தரையோடு குழம்பிக் கிடக்கிறது. தமயந்தி பார்த்த அதே இடம். சொந்த நடிப்பின் மேலேயே நம்பிக்கை இழந்த நடிகன், அசல் ஆளைப் பேசச் சொல்கிறான். இதுதான் கேமரூன் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. மொழிபெயர்ப்பு வேலை செய்து வயிறு வளர்ப்பவனின் கோணல் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் படத்தின் முதல் பாதிக்குப் போக வேண்டும்.

ஜான் ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசுகிறான், வளர்ப்புத் தாயை எச்சரிப்பதற்காக. எடுப்பது அவள் குரல்தான். ஆனால் பேசுவது டி-1000. இரவாகிவிட்டதே கண்ணு, சீக்கிரம் வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்கிற தோரணையில் பேசுகிறது. பையன் வாயை மூடிக்கொண்டு ஆர்னால்டிடம் சொல்கிறான்: ஏதோ சரியில்லை, இவள் இவ்வளவு பிரியமாகப் பேசவே மாட்டாள். பின்னால் நாய் விடாமல் குரைக்கிறது. நாயின் பெயர் என்ன என்று ஆர்னால்ட் கேட்கிறார். மாக்ஸ். ஆர்னால்ட் ரிசீவரை வாங்கி, ஜானின் குரலிலேயே, நம்ம உல்ஃபி ஏன் குரைக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்கிறார். உல்ஃபி நன்றாக இருக்கிறது கண்ணா என்று பதில் வருகிறது. ஆர்னால்ட் போனை வைத்துவிட்டு, உன் வளர்ப்புப் பெற்றோர் செத்துவிட்டார்கள் என்கிறார்.

இத்தனை சண்டைகள் உள்ள படத்தில் இதுதான் எனக்கு மிகச் சிறந்த சண்டை. இரண்டு இயந்திரங்கள், இரண்டும் பொய்க்குரலில், ஒரு டெலிபோன் கம்பியின் இரு முனைகளில். ஒருவருக்கொருவர் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒன்று தோற்றுப்போகிறது. குரல் அச்சு அசல். தோற்றது பேச்சு வழக்கில். அந்த வீட்டில் அந்தப் பெண் அந்தப் பையனிடம் எந்தத் தொனியில் பேசுவாள் என்பது தொட்டால் வரும் சங்கதி அல்ல. மொழிபெயர்ப்பில் அகராதி கைவிடும் இடமும் இதுதான். சொல் சரியாக இருக்கும். இந்த ஆள் இதை இப்படிச் சொல்ல மாட்டார் என்று உள்ளே ஒன்று இடிக்கும்.

நீண்ட வடிவத்தில் இதற்கொரு வால் உண்டு. போன் துண்டிக்கப்பட்ட பிறகு டி-1000 கொல்லைக்குப் போகிறது. நாயைக் கொல்கிறது. கழுத்துப்பட்டையை எடுத்துப் பார்க்கிறது. மாக்ஸ் என்று எழுதியிருக்கிறது. தான் பிடிபட்டது எப்படி என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

என் வாதம் இதுதான்: அந்தப் பாடத்தை அது மறக்கவில்லை. உருக்காலையில் சாராவின் குரல் அதனிடம் இருந்தது. ஆனால் அந்தத் தாய் அந்த மகனை எப்படிக் கூப்பிடுவாள் என்பது இல்லை. அதை அவள் வாயிலிருந்தே வாங்கத்தான் ஈட்டியைத் திருகியது. அவள் தரவில்லை. வேறு வழியில்லாமல் பிறகு தானே நடித்துப் பார்த்து, அசல் சாரா பின்னால் துப்பாக்கியோடு வந்து நின்றதும் குட்டு உடைந்தது.

மருமகன் சிறிது நேரம் யோசித்தான். "ஓகே மாமா, ஆனா கடைசியில விரலை ஆட்டுதே, அது எதுக்கு?" என்றான். சாராவின் தோட்டாக்கள் தீர்ந்து, இன்னும் ஒரே ஒரு தோட்டா இருந்தால் உலைக்குள் விழுந்திருக்கும் என்ற விளிம்பில் நின்றுகொண்டு, 'ச்சு ச்சு' என்பதுபோல் ஆள்காட்டி விரலை ஆட்டிக் காட்டுகிறது டி-1000. அந்த நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் ஆர்னால்ட் குண்டோடு வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போலீஸ் வேலை பார்த்த பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்னால் வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003ல் மூன்றாம் பாகத்தில் வந்த பெண் ரோபோவின் கைக்குள் பீரங்கியே இருந்தது, பயம்தான் இல்லை. 2015ல் வந்த ஐந்தாம் பாகத்தில் கொரிய நடிகர் லீ பியுங் ஹன் டி-1000 ஆக வந்தார், மறுபடி போலீஸ் உடுப்பில். 2019ன் 'டார்க் ஃபேட்' கொஞ்சம் புத்திசாலித்தனமானது. அதில் வரும் ரோபோ எலும்புக்கூடு தனியாகவும் திரவம் தனியாகவும் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அதைவிட, அது எல்லைக் காவல் படையினரோடு சிரித்துப் பேசி ஜோக் அடித்து உள்ளே நுழையும். எத்தனை தலைமுறை இயந்திரம் வந்தாலும் சீருடையை மட்டும் விடுவதில்லை.

அன்று மாலை சித்தி வந்திருந்தார். அம்மாவின் தங்கை, சித்தப்பா போன பிறகு ராமகிருஷ்ணபுரத்தில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் கனடாவில். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்தவர், "இதுக்கா இவ்ளோ சத்தம்? எனக்கே போன மாசம் வந்தது உங்க மிஷின்" என்றார்.

ஒரு மத்தியானம் போன். முதலில் ஒரு போலீஸ் அதிகாரி, இந்தியில், அதட்டாமல் மரியாதையாக. உங்கள் மகன் ஒரு வழக்கில் மாட்டியிருக்கிறார், பேசுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்து வந்தது மகனின் குரல். அழுதுகொண்டு, அம்மா என்னைக் காப்பாற்று, அவங்க கேக்கறதைக் குடுத்துடு என்று.

இந்த வித்தை இப்போது நாடு முழுக்க நடக்கிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர். வீடியோவில் சீருடை, பின்னால் காவல் நிலையம்போல் ஜோடனை. கேமரா முன்னாலிருந்து நகரக்கூடாது என்று மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் உட்கார வைத்துப் பணம் கறக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு லூதியானாவின் பெரிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவருக்கு உச்ச நீதிமன்ற விசாரணையே நடப்பதுபோல் திரையில் நாடகம் போட்டு 7 கோடி ரூபாய் வாங்கிவிட்டார்கள். குரலை நகல் எடுப்பது தனிக் கலை. சிறிது நேரம் பேசிய பதிவு கையில் இருந்தால் போதும். எதிர்காலத்திலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

"நீங்க என்ன பண்ணினீங்க சித்தி?"

"வெச்சுட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அம்மான்னு கூப்பிட்டானே!"

மருமகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சித்தி வாழ்க்கைப்பட்டது பெரிய கூட்டுக் குடும்பம். கொழுந்தனார்கள் எல்லாரும் அவரை 'மன்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த மகனும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து பெற்ற தாயை 'மன்னி' என்றே கூப்பிட்டான். நாற்பது வயதாகியும் அப்படித்தான். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கேட்டுச் சிரித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. குரலைத் திருடியவனுக்கு அது எங்கே தெரியும்?

மருமகன் எழுந்தே நின்றுவிட்டான். "உல்ஃபி மாமா! அசல் உல்ஃபி!" என்றான். உடனே, குடும்பத்துக்கெல்லாம் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும், போனில் யார் பணம் கேட்டாலும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டான். போலீஸே இப்போது அப்படித்தான் யோசனை சொல்கிறது என்றான். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930 என்பதையும் சித்தியின் போனில் பதிந்து கொடுத்தான்.

சித்தி எண்ணை வாங்கிக்கொண்டார். வார்த்தைக்குச் சம்மதிக்கவில்லை.

"பெத்த பிள்ளைகிட்ட பாஸ்வேர்ட் கேக்கச் சொல்றியா?"

"பிள்ளை இல்ல பாட்டி, அது பிள்ளை மாதிரி."

மாயமான் விவகாரம் எனக்கு நினைவு வந்தது. மாரீசன் ராமனின் குரலில் அலறியபோது இரண்டு பேர் கேட்டார்கள். என் அண்ணன் இப்படி அலறுகிறவன் இல்லை என்று லட்சுமணன் அசையாமல் நின்றான். சீதையால் நிற்க முடியவில்லை. குரல் ஒன்றுதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே பேசினார். "வெச்சுட்டேன்னு சொன்னேனே, உடனே வெக்கலைடா. அவன் அழுதுண்டே இருந்தான். அவன் குரல்தான், ஒரு பிசகு இல்ல. சின்ன வயசுல ஜுரம் வந்தா அப்படித்தான் அழுவான். அம்மான்னு கூப்பிடறானே, இவன் இல்லன்னு மூளை சொல்லிடுத்து. ஆனாலும் கேட்டுண்டே உக்காந்திருந்தேன், ஒரு நிமிஷம் இருக்கும். அழாதேடான்னு கூடச் சொன்னேன்."

மருமகன் ஒன்றும் பேசவில்லை. சித்தி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.